காதில் வைத்துக் காட்டி விற்ற கதை



புதுப் பொருளை விற்பது பெரிய கம்பெனிக்கும் லேசான வேலை இல்லை. ஜப்பானின் சோனி கம்பெனி 1979 ஜூலை 1-ல் 'வாக்மேன்' என்ற சின்ன கேசட் கருவியை விற்பனைக்கு விட்டது. இடுப்பில் மாட்டிக்கிட்டு, காதில் ஹெட்போன் வைத்து, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம். விலை 33,000 யென்.

"குரலைப் பதிவு பண்ண முடியாத டேப் ரிக்கார்டரை யாரு வாங்குவா?" என்று கடைக்காரர்கள் தயங்கினார்கள். கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா விடவில்லை. முதல் தவணையாக 30,000 கருவிகள் செய்தார்கள். ஜூலை மாதம் விற்றது சுமார் 3,000 தான்! மீதிச் சரக்கில் எவ்வளவு பணம் முடங்கியிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

விலையைக் குறைக்கவில்லை. ஊழியர்களே வாக்மேனை மாட்டிக்கிட்டு டோக்கியோவில் கின்ஸா, ஷின்ஜுகு கடைத்தெருக்களில் நடந்தார்கள். எதிரே வந்தவர்களிடம், "கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தார்கள். காதுக்குள் கேட்கிற பாட்டைப் படம் போட்டுக் காட்ட முடியுமா? கண்காட்சியில் நாம ஊறுகாயை உள்ளங்கையில் வைத்து ருசி பார்க்கச் சொல்றோமே, அதே வேலைதான். (ருசிக்குக் கொடுக்கிற ஊறுகாயையும் விலைக் கணக்கில் சேர்க்கணும், நிறையப் பேர் விட்டுடறாங்க.)

ஆகஸ்ட் முடியறதுக்குள்ளே 30,000 கருவிகளும் விற்றுத் தீர்ந்தன.