மருந்துப் பாதுகாப்பும் மருந்தாளுநர் பயிற்சியும்

நோய் தீர்க்கத் தரப்படும் மருந்தே சில வேளைகளில் நோயாளிக்குத் தீங்காக முடிவதுண்டு. மருந்தின் இயல்பால் நேரும் பக்க விளைவுகள் ஒரு வகை. மருந்தை எழுதுவதிலும், எடுத்துக் கொடுப்பதிலும், உட்செலுத்துவதிலும் நேரும் பிழைகளால் வருபவை மற்றொரு வகை. முன்னதை முற்றிலும் விலக்க இயலாது. பின்னதைத் தடுக்க இயலும். மருந்துப் பிழைகளால் உலக நாடுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,200 கோடி டாலர் செலவாவதாக உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது.

பிழை நேரும் இடங்கள்

அளவைக் குறிக்கும் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். மூட்டழற்சிக்கு வாரம் ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. செறிவுமிக்க பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடக் கூடும். இவற்றுக்குத் தனி மனிதரின் கவனக்குறைவை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. தெளிவற்ற கையெழுத்து, ஒத்து ஒலிக்கும் பெயர்கள், ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட ஒரே தோற்றமுடைய குப்பிகள், பணிச்சுமை ஆகிய அனைத்தும் சேர்ந்தே பிழையை உண்டாக்குகின்றன.

ஆய்வுகள் காட்டும் வழி

1962-ல் அமெரிக்க ஆய்வாளர்களான பார்க்கர், மெக்கானல் ஆகியோர் மருந்து கொடுக்கப்படுவதை நேரில் கவனித்துப் பதிவு செய்தனர். அறிக்கைகளில் இடம்பெற்ற பிழைகளைவிட உண்மையில் நேர்ந்தவை மிகப் பல என்பது புலனாயிற்று. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மருத்துவருடன் மருந்தாளுநரும் நோயாளிகளைப் பார்வையிடச் சென்றபோது, மருந்து எழுதும் கட்டத்தில் எழுந்த, தடுக்கக்கூடிய தீங்குகள் 66 சதவீதம் குறைந்தன என 1999-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

நம் நாட்டின் நிலை

1932-ல் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஷ்ராஃப் தொடங்கி வைத்த மருந்தியல் கல்வி, நெடுங்காலம் மருந்து உற்பத்தியையே பெரிதும் நோக்கமாகக் கொண்டிருந்தது. 1948-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம் மருந்தாளுநரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தியது. பட்டயப் படிப்பு முடித்தவர் 500 மணி நேரப் பயிற்சியும் பெற வேண்டும். 2008-ல் அறிமுகமான ஆறாண்டு 'ஃபார்ம்.டி.' படிப்பின் இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கி, 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது.

செய்ய வேண்டியவை

கல்வி வளர்ந்த அளவுக்குப் பணியிடங்களின் தன்மை மாறவில்லை. வார்டுப் பணிக்குப் பயின்றவரும் மருந்து வழங்கும் சாளரத்தோடு நின்றுவிட்டால், அவரது பயிற்சிக்கான முதலீடு வீணாகும். ஆகவே, தீவிர சிகிச்சை, குழந்தை நலம் போன்ற பிரிவுகளிலேனும் மருந்தாளுநரை முதலில் அமர்த்தலாம். ஆபத்து மிகுந்த மருந்துகளைத் தனியே பூட்டி வைக்கலாம். தண்டனை அச்சமின்றிப் பிழைகளைத் தெரிவிக்கும் முறையை ஏற்படுத்தலாம். பணியிலிருப்போருக்குக் காலமுறைப் பயிற்சி அளிக்கலாம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மருந்துப் பிழையால் ஒருவர் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும், படுக்கைக்குக் காத்திருக்கும் மற்றொருவரின் சிகிச்சை தள்ளிப் போகிறது. தினக்கூலிக் குடும்பத்திற்கோ அது வருமான இழப்பு. அந்த இழப்பையும் கணக்கில் கொண்டால், வார்டில் பணிபுரியும் மருந்தாளுநரின் ஊதியம் வீண் செலவன்று என்பது விளங்கும்.