தேவர்களை அடிச்சிட முடியுமா?

சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, டிராகன் பால் சயான்கள் தேவர்களை அடிச்சிடுவாங்களா?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அதுதானே கதை! சூரபதுமன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டான். இந்திரன் சீர்காழியில் ஒளிந்துகொண்டான். மகன் சயந்தன் சிறையில்.

"தோத்துப் போற தேவரை ஏண்ணே கும்பிடணும்?"

நல்ல கேள்வி. இந்திரன் என்பது ஒரு பதவி, புண்ணியம் தீர்ந்தால் போய்விடும். சிவம் பதவியல்ல. சிவசக்தி தவிர வேறெதுவும் தன்னை அழிக்காது என்பதுதான் சூரன் பெற்ற வரம். அந்தச் சக்தியே முருகனாக வந்தது. வந்தவுடன் சூரன்மேல் வேலை எறியவில்லை. முதலில் வீரவாகுவைத் தூது அனுப்பினார். சூரன் கேட்கவில்லை. கடைசியில் மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது.

"செத்துட்டானா அண்ணே?"

"இல்லடா. சேவலாக் கொடியில, மயிலா வாகனத்துல இருக்கான். கோயிலுக்குப் போனா பாரு."