இணையப் பக்கம் இளைக்கவும், கம்ப்யூட்டர் நேரம் கணக்கிடவும் இலவச புரோகிராம்கள்

அறந்தாங்கியில் இருக்கும் என் சித்தப்பா மகள் சென்ற ஆண்டு ஒரு லேப்டாப் வாங்கினாள். வீட்டில் இருந்தபடியே சிறு கடைகளுக்கு இணையப் பக்கம் அமைத்துத் தரலாம் என்று எச்.டி.எம்.எல். கற்றுக் கொண்டாள். முதல் வேலையும் கிடைத்தது. ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்பவர் ஒருவர், விலைப்பட்டியலும் படங்களும் கொண்ட ஒரு பக்கம் கேட்டார். மணிக்கு 150 ரூபாய் என்று பேச்சு. வேலை முடிந்ததும் இவள் 40 மணி நேரம் என்று கணக்குச் சொல்ல, அவர் தன் மொபைல் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது.

"அண்ணே, திறக்காத பக்கத்துக்கு நாற்பது மணி நேரமான்னு கேக்குறாரு. நான் பொய்க் கணக்குச் சொல்றேன்னு நெனைக்கிறாரு" என்று எனக்குப் போன் செய்தாள். குரல் உடைந்து இருந்தது.

பக்கம் ஏன் கனமாக இருக்கிறது? அவள் எத்தனை மணி நேரம் உழைத்தாள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண உதவும் இலவச புரோகிராம்கள் இணையத்தில் கிடைக்கின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் எளிதாக இயக்கலாம். அவற்றை நாங்கள் பயன்படுத்திய வரிசையிலேயே இங்கு காணலாம்.

கனம் எங்கே இருக்கிறது?

எச்.டி.எம்.எல். பைல் ஒன்றை எழுதுகையில் வரிகளை உள்ளே தள்ளி எழுதுகிறோம். நடுவே காலி வரிகள் விடுகிறோம். "இங்கே விலைப்பட்டியல் தொடங்குகிறது" என நமக்காகக் குறிப்புகளும் எழுதி வைக்கிறோம். இவை எல்லாம் நம் கண்களுக்காக. பிரவுசருக்குத் தேவை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு பைட். அதுவும் சேர்ந்தே வாடிக்கையாளரின் போனுக்குப் பயணிக்கிறது. தேவையற்ற இவற்றை நீக்கி பைலைச் சுருக்குவதை ஆங்கிலத்தில் மினிபை என்பார்கள்.

இதற்கென நான் பரிந்துரைப்பது நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ். டான் ஹோ என்பவர் 2003ல் வெளியிட்ட இந்த எடிட்டர் முற்றிலும் இலவசம். அதன் அதிகாரபூர்வ தளத்தில் இருந்து மட்டுமே டவுண்லோட் செய்திடவும். தேடுதல் முடிவுகளில் விளம்பரமாக வரும் போலித் தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

பைலைத் திறந்தவுடன் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். லெங்த் என்ற இடத்தில் பைலின் அளவு பைட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் பைல் மெனுவில் சேவ் எ காப்பி ஆஸ் தேர்ந்தெடுத்து, வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்திடவும். சுருக்கும் வேலை எல்லாம் பிரதியில்தான். மூல பைலில் கை வைத்தால், அடுத்த மாதம் முந்திரி விலை மாறும்போது திருத்த முடியாமல் தவிப்பீர்கள்.

அடுத்து எடிட் மெனுவில் பிளாங்க் ஆபரேஷன்ஸ் பிரிவில் ட்ரிம் லீடிங் அண்ட் ட்ரெய்லிங் ஸ்பேஸ் என்பதில் கிளிக் செய்திடவும். வரிகளின் முன்னும் பின்னும் உள்ள காலி இடங்கள் நீங்கும். பிறகு அதே மெனுவில் லைன் ஆபரேஷன்ஸ் சென்று ரிமூவ் எம்ப்டி லைன்ஸ் கொடுத்தால் காலி வரிகள் போய்விடும். பக்கத்தில் ப்ரீ அல்லது டெக்ஸ்ட்ஏரியா டேக் இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றுக்குள் இருக்கும் ஸ்பேஸ் திரையிலும் தெரியும். நீக்கினால் தோற்றம் மாறிவிடும்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். என் தங்கை நிறுத்தவில்லை. எல்லா வரிகளையும் ஒரே வரியாக்கும் கட்டளையும் அதே மெனுவில் இருப்பதைக் கண்டு அதையும் அழுத்திவிட்டாள். பைல் இன்னும் சிறிதாயிற்று. ஆனால் "ஆர்டர் செய்ய" என்ற பட்டன் செத்துவிட்டது. காரணம் இதுதான். ஜாவா ஸ்கிரிப்டில் இரண்டு சாய்கோடுகள் இட்டு எழுதும் குறிப்பு, அந்த வரி முடியும் இடம் வரை செல்லும். வரிகளை எல்லாம் ஒன்றாக இணைத்தால் அந்தக் குறிப்புக்குப் பின்னால் உள்ள மொத்த ஸ்கிரிப்டும் குறிப்பாகவே கருதப்படும். பிரவுசர் அதை இயக்காது. ஒரு பிழைச் செய்தி கூட திரையில் வராமல் போகலாம். புதியவர்கள் இந்தக் குழியில் விழுந்தால் காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகிவிடும்.

ஆகவே ஜாவா ஸ்கிரிப்டை அதற்குரிய கருவியால்தான் சுருக்க வேண்டும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ஸில் பிளக்இன்ஸ் மெனு சென்று, பிளக்இன்ஸ் அட்மின் பட்டியலில் ஜேஎஸ்டூல் என்பதை டிக் செய்து இன்ஸ்டால் செய்திடவும். இதில் ஜேஎஸ்மின் என்ற வசதி உள்ளது. இது ஸ்கிரிப்டைப் படித்து, குறிப்பு எது, கட்டளை எது என அறிந்து நீக்குகிறது. ஜேஎஸ்மின் முதலில் டக்ளஸ் கிராக்போர்ட் எழுதியது. இதை நல்லதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்குப் பயன்படுத்தக் கூடாது என அதன் உரிமத்திலேயே அவர் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். சட்டம் அறிந்தவர்கள் இதைப் படித்துத் தலையைச் சொறிந்தார்கள் என்பது தனிக் கதை. யாகூவின் ஒய்.யு.ஐ. கம்ப்ரஸர் (2007), கூகுளின் குளோஷர் கம்பைலர் (2009) ஆகியவை இன்னும் ஒரு படி மேலே சென்று, ஸ்கிரிப்டில் உள்ள நீண்ட பெயர்களையும் ஓரெழுத்துப் பெயர்களாக்கும். சிறிய கடைப் பக்கத்திற்கு அவ்வளவு தேவையில்லை.

தமிழுக்கு என ஒரு சுமை

தமிழில் பக்கம் அமைப்பவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. யுனிகோட் தமிழ் எழுத்துகள் யு.டி.எப்.-8 முறையில் சேமிக்கப்படுகையில், ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக் கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். "முந்திரி" என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள். கம்ப்யூட்டருக்கோ ம, உகரக்குறி, ந, புள்ளி என்று தொடங்கி மொத்தம் 8 குறியீடுகள். எனவே 24 பைட்.

இது தவிர்க்க முடியாத சுமை. இதற்காக வருந்த வேண்டாம். 1999ல் தமிழக அரசு தரமாக அறிவித்த டேப், டேம் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இடம் குறைவாகத்தான் பிடித்தது. ஆனால் அதே எழுத்துரு அடுத்தவர் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புரியாத கிறுக்கல்தான். 2010ல் அரசு யுனிகோடுக்கு மாறியது நல்லதற்கே.

தவிர்க்கக் கூடிய சுமை வேறு. சில பழைய பக்க வடிவமைப்பு புரோகிராம்கள் தமிழ் எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை. அதன் எண்ணை நான்கு இலக்கத்தில் எழுதி, முன்னால் இரண்டு குறிகளும் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்துச் சேமிக்கின்றன. ஒரு குறியீட்டுக்கு 7 பைட். "முந்திரி" 56 பைட் ஆகிவிடும். என் தங்கை யாரிடமோ வாங்கிய பழைய புரோகிராம் இதைத்தான் செய்திருந்தது. அவள் பக்கத்தில் சுமார் 4,000 தமிழ்க் குறியீடுகள். 28,000 பைட் பிடித்த இடத்தில் 12,000 போதும்.

இதனைச் சரி செய்வது எளிது. பக்கத்தை பிரவுசரில் திறந்து, திரையில் தெரியும் தமிழ் வரிகளை காப்பி செய்து, பைலில் எண்கள் உள்ள இடத்தில் பேஸ்ட் செய்திடவும். என்கோடிங் மெனுவில் யு.டி.எப்.-8 தேர்வாகி இருக்க வேண்டும். ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே அதே முறையை அறிவிக்கும் மெட்டா டேக்கும் இருக்க வேண்டும். இல்லையேல் தமிழுக்குப் பதிலாகக் கிறுக்கல் தோன்றலாம்.

தொடக்கத்தில் 46 கே.பி. இருந்த பைல், தமிழைத் திருத்தியதும் 30 கே.பி. ஆனது. காலி இடங்களை நீக்கியதும் 24 கே.பி. பாதியாகிவிட்டது என்று தங்கைக்கு மகிழ்ச்சி. ஆனால் பக்கம் அப்போதும் திறக்கவில்லை!

பிரவுசரில் எப்12 கீயை அழுத்தி, நெட்வொர்க் டேபில் கிளிக் செய்து, பக்கத்தை மீண்டும் திறக்கச் சொன்னேன். எந்தப் பைல் எவ்வளவு இறங்குகிறது எனப் பட்டியல் வரும். இதை நாங்கள் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். முந்திரிப் படங்கள் ஆறு. போனில் எடுத்து அப்படியே ஏற்றியவை. ஆறும் சேர்ந்து 21 எம்.பி. நாங்கள் இரவு முழுக்கப் போராடிக் குறைத்ததோ 22 கே.பி.

படங்களைச் சுருக்கத் தனி புரோகிராம் கூடத் தேவையில்லை. விண்டோஸில் உள்ள பெயிண்ட் போதும். படத்தைத் திறந்து, ரீசைஸ் கிளிக் செய்து, பிக்ஸல்ஸ் தேர்ந்தெடுத்து, ஹரிசாண்டல் கட்டத்தில் 1000 என அமைத்திடவும். 4000 பிக்ஸல் அகலப் படத்தை 1000 ஆக்கினால், புள்ளிகளின் எண்ணிக்கை பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆறு படங்களும் சேர்த்து 1 எம்.பி.க்குள் வந்தன. ஆதனக்கோட்டையில் பக்கம் திறந்தது.

நாற்பது மணி நேரம்

அடுத்தது பணம். கம்ப்யூட்டர் எப்போது இயக்கப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது என்பதை விண்டோஸ் தானாகவே பதிந்து வைக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவண்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், பின் சிஸ்டம் செல்லவும். 6005 என்ற எண் தொடங்கியதையும், 6006 முறைப்படி நிறுத்தியதையும் குறிக்கும். 6008 என்றால் மின்சாரம் போயோ, பேட்டரி தீர்ந்தோ திடீரென நின்றது என்று பொருள். 42 என்பது ஸ்லீப் நிலைக்குச் சென்றது.

இந்தப் பட்டியலைப் படிப்பது கண்ணுக்கு வேதனை. நிர்சாப்ட் தளத்தில் டர்ன்ட்ஆன்டைம்ஸ்வியூ என்ற சிறிய புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்திட வேண்டியதில்லை. ஜிப் பைலை விரித்து, இயக்கினால் போதும். தொடங்கிய நேரம், நின்ற நேரம், இடைப்பட்ட கால அளவு என அழகாக அட்டவணை தரும். வேண்டிய வரிகளைத் தேர்ந்தெடுத்து பைலாகவும் சேவ் செய்திடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. இது இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் கம்ப்யூட்டர் முழுமையாக நிற்பதில்லை; பாதி உறக்கம்தான். எனவே 6005, 6006 ஒவ்வொரு நாளும் பதிவாகாமல் போகலாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன்களுக்கான அமைப்பில் இந்த வசதியின் டிக் அடையாளத்தை எடுத்துவிடலாம்.

தங்கையின் லேப்டாப் அந்த நாட்களில் மொத்தம் 63 மணி நேரம் இயங்கியிருந்தது. "பார்த்தீங்களா அண்ணே" என்றாள். இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்றேன். சமையல் செய்கையிலும் லேப்டாப் திறந்தே கிடந்திருக்கும்; அதற்கெல்லாம் காசு கேட்க முடியுமா? ஆனால் அந்த அட்டவணை வேறொன்றைக் காட்டியது. நோட்டில் 4 மணி நேரம் என எழுதியிருந்த ஒரு நாளில் லேப்டாப் இயங்கியதாகவே பதிவு இல்லை. பாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமோ என ஈவண்ட் வியூவரில் அந்தத் தேதியைப் பார்த்தோம். ஒரு வரி கூட இல்லை. இயங்கும் விண்டோஸ் ஏதேனும் ஒன்றைப் பதியாமல் இருக்காது. யோசித்துப் பார்த்தவள், அன்று நார்த்தாமலைத் தேருக்குப் போயிருந்ததை நினைவுபடுத்திக் கொண்டாள். நான்கு நாள் கழித்து மொத்தமாக எழுதியதில் வந்த தவறு.

அவளே அவருக்குப் போன் செய்து, 4 மணி நேரம் தவறாகச் சேர்த்துவிட்டேன், 36 தான் சரி என்றாள். அவர் சற்று நேரம் பேசவில்லையாம். பின்னர் 5,400 ரூபாயையும் அனுப்பிவிட்டார்.

அடுத்த வேலைக்கு, தொடங்கும் முன்பே ஆக்டிவிட்டிவாட்ச் என்ற புரோகிராமை நிறுவச் சொன்னேன். இது திறந்த மூல நிரல், கட்டணம் இல்லை. எந்த விண்டோவில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் எனக் கணக்கிடும். மாறாநிலையில் 3 நிமிடம் கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால், நீங்கள் இடத்தில் இல்லை என எடுத்துக் கொள்ளும். தகவல் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கும். நிறுவிய நாளில் இருந்துதான் கணக்கு வரும், பழையதைக் காட்டாது.

விண்டோவின் தலைப்புகளையும் இது பதிவதால், யாருக்கு மெயில் எழுதினீர்கள் என்பது வரை தெரிந்துவிடக் கூடும். பிள்ளைகளோ, வீட்டில் மற்றவர்களோ பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் சொல்லாமல் நிறுவுவது முறையல்ல. அவர்களையே அழைத்து, அட்டவணையைக் காட்டிவிட்டு நிறுவுங்கள்.

கீரமங்கலம் பூ வியாபாரி ஒருவரின் பக்கத்திற்கு அது காட்டிய கணக்கு: எடிட்டரில் 14 மணி நேரம், பிரவுசரில் 6. பிரவுசர் கணக்கில் 2 மணி நேரம் யூடியூப் பாட்டு. அதை அவளே கழித்துவிட்டாள். ஆனால் வியாபாரியிடம் போனில் விலை கேட்டு எழுதிய 5 மணி நேரம் எந்தப் புரோகிராமிலும் இல்லை. அந்த நேரத்தில் கீபோர்டு சும்மா கிடந்தது அல்லவா? அதை மட்டும் தேதி, நேரத்துடன் அன்றன்றே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பில்லில் கம்ப்யூட்டரில் 18, போனில் 5 எனத் தனித்தனி வரியாகப் போட்டுக் கொடுத்தாள்.