பழைய கணிப்பொறியில் புதிய மென்பொருள்: ஊராட்சிகள் அறிய வேண்டுவன

ஊராட்சி அலுவலகத்தில் பேரேடும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வகித்து வந்த இடத்தை இன்று பெரிதும் கணிப்பொறியே வகித்து வருகிறது. 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் ஊராட்சியின் திட்டங்களைப் பதிவதும், கணக்கு எழுதுவதும், நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் வழங்குவதும் இணையத்தின் வாயிலாகவே நடைபெற்று வருகின்றன. ஆகவே கணிப்பொறி நின்றுவிட்டால் எழுத்து வேலை மட்டும் நிற்பதாக எண்ணுதல் கூடாது. மேல்நிலைத் தொட்டி இயக்குபவரின் ஊதியமும், தூய்மைக் காவலரின் ஊதியமும், மோட்டார் பழுதுபார்த்தவரின் பட்டியல் தொகையும் அதனோடு சேர்ந்து நிற்கக்கூடும். மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் இதன் துன்பம் எத்தகையது என்பதை ஊராட்சிப் பணியில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள்.

கிராமங்களிலிருந்து சேலம் ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு போன்ற பகுதிகளிலுள்ள கடைகளுக்குப் பழுதென்று எடுத்துச் செல்லப்படும் கணிப்பொறிகள் பலவற்றில், உண்மையில் யந்திரம் பழுதாவதில்லை. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, ஆனால் புதிய மென்பொருளை மட்டும் அது ஏற்க மறுக்கிறது. அவ்வேளையில் பொதுவாக இரண்டு யோசனைகள் கூறப்படும். ஒன்று, “இதைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்” என்பது. மற்றொன்று, “எதையாவது போட்டு ஓட்டித் தருகிறோம்” என்பது. முன்னதில் பொதுப்பணம் வீணாகலாம். பின்னதில் பொதுப்பணமே பறிபோகலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நல்வழி ஒன்று உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் வாய்க்காலும் பயிரும்

கணிப்பொறியில் மூன்று அடுக்குகள் உள்ளன. கையால் தொடக்கூடிய பெட்டியும் அதன் உறுப்புகளும் நிலத்தைப் போன்றவை. விண்டோஸ் போன்ற இயங்குதளம், அந்நிலத்திற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் போன்றது. உலாவி, கணக்கு மென்பொருள், கடிதம் எழுதும் மென்பொருள் முதலியவை பயிரைப் போன்றவை. பயிர் வாடினால் நிலத்தைக் குறை கூறும் விவசாயி எவரும் இலர். முதலில் வாய்க்காலைத்தான் சென்று பார்ப்பர். கணிப்பொறியிலும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். யந்திரம் பழையதாயிருப்பது வேறு. இயங்குதளம் பழையதாயிருப்பது வேறு. இந்த வேற்றுமையை உணர்ந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்ததாகும்.

ஆதரவு முடிதல் என்பதன் பொருள்

விண்டோஸை உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு பதிப்பிற்கும் ஒரு கால வரம்பு வைத்துள்ளது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 10-க்கு, தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளருக்கு 2026 அக்டோபர் 13 வரையிலும், கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரையிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்க வகை செய்யப்பட்டது.

ஆதரவு முடிந்த மறுநாள் யந்திரம் நின்றுவிடுவதில்லை. வாய்க்காலில் நீர் வழக்கம்போல் ஓடும். ஆனால் கரையில் உடைப்பு ஏற்பட்டால் அடைப்பதற்கு ஆள் வராது. உடைப்பு எங்கே உள்ளது என்பதைத் திருடர்கள் நாள்தோறும் தேடிக்கொண்டிருப்பார்கள். மராமத்து நின்ற வாய்க்காலை நம்பி விலையுயர்ந்த பயிர் செய்வது எவ்வளவு அபாயமோ, அவ்வளவு அபாயம் ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் பணப்பட்டுவாடா செய்வது.

புதிய மென்பொருள் ஏன் ஓடுவதில்லை?

மென்பொருள் ஒவ்வொன்றும் தன் வேலைக்கு இயங்குதளத்தின் உதவியை நாடுகிறது. ‘கோப்பைத் திற’, ‘அச்சிடு’, ‘இணையத்தில் பாதுகாப்பாகத் தொடர்பு கொள்’ என்று அது கேட்கும் உதவிகளுள் சில, புதிய விண்டோஸில் மட்டுமே உள்ளவை. பழைய விண்டோஸில் அவை இல்லாதபோது மென்பொருள் தொடங்கவே மறுத்துவிடுகிறது. கூகுள் குரோம் உலாவியின் 109-ஆம் பதிப்பே விண்டோஸ் 7-லும் 8.1-லும் ஓடும் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வெளியான 110-ஆம் பதிப்பு அவற்றில் ஓடாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பு அவ்வாறே கடைசியாயிற்று. லிப்ரே ஆஃபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளும் 2025 ஆகஸ்டில் வெளியான 25.8 பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டது.

இணையதளத்திற்கும் உலாவிக்கும் இடையே நிகழும் இரகசியப் பரிமாற்றத்தின் முறையும் காலந்தோறும் கடுமையாகி வருகிறது. பழைய முறையை மட்டுமே அறிந்த உலாவியை வங்கிகளின் தளங்களும் அரசுத் தளங்களும் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. இது நம்மைத் தொல்லைப்படுத்துவதற்கான ஏற்பாடன்று. நம் பணத்தைக் காப்பதற்கான ஏற்பாடே ஆகும்.

இரண்டு ஊராட்சிகள் கண்ட இடர்

“கிராமத்து அலுவலகத்தை யார் வந்து தாக்கப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அனுபவமே விடையாகும். 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவத் தொடங்கியது. அது கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் பணயம் கேட்டது. அடுத்து வந்த திங்கட்கிழமையாகிய மே 15 அன்று, வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணிப்பொறிகள் அவ்வாறு பூட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தத் தீநிரல் ஊர் பார்த்து வரவில்லை. உடைப்பு அடைக்கப்படாத கரையைப் பார்த்து வந்தது.

இதில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அந்தக் குறைபாட்டிற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. உலக அளவில் தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அப்போது ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கணிப்பொறிகளே. திருத்தம் வெளியாகியும் அதனை ஏற்றிக்கொள்ளாதவை அவை. எனவே புதிய இயங்குதளம் வாங்கினால் மட்டும் போதாது. வரும் திருத்தங்களைக் கிரமமாக ஏற்றி வருவதும் அவசியம்.

யந்திரத்தைச் சோதிக்கும் முறை

முதலாவதாக, எந்த விண்டோஸ் உள்ளது என்று அறிதல் வேண்டும். விண்டோஸ் சின்னமுள்ள பொத்தானையும் ‘ஆர்’ பொத்தானையும் ஒருசேர அழுத்தி, தோன்றும் கட்டத்தில் ‘வின்வர்’ என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால் பதிப்பின் பெயர் தெரியும்.

இரண்டாவதாக, யந்திரத்தின் வலிமையை அறிதல் வேண்டும். விண்டோஸ் 11-க்கு 64-பிட் செயலியும், 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் தேவை. இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். இவை இருப்பின் கணிப்பொறியை மாற்ற வேண்டியதில்லை; இயங்குதளத்தை மட்டும் உயர்த்தினால் போதும். ஓட்டம் மந்தமாயிருப்பின், சுழலும் பழைய ஹார்டு டிஸ்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதும், நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்குவதும் நல்ல பலன் தரும். தகுதியற்ற யந்திரத்தில் குறுக்கு வழியாக விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருபவர்களும் உள்ளனர். அத்தகைய யந்திரத்திற்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்குமென்ற உறுதியில்லை.

மூன்றாவதாக, யந்திரம் நல்ல நிலையிலிருந்தும் விண்டோஸ் 11-ஐ ஏற்காதாயின், லினக்ஸ் என்னும் வேறு இயங்குதளத்தைக் கருதலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் தமிழையும் பிற இந்திய மொழிகளையும் கையாள வல்லது. தமிழ்நாட்டிற்கு இது புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இடம் பெற்றிருந்தது. லினக்ஸை நிலையாக ஏற்றுவதற்கு முன், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழ் எழுத்துகள் சரிவரத் தெரிகின்றனவா, டி.எஸ்.சி. டோக்கனை அது அறிந்துகொள்கிறதா என்று சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். டோக்கனை ஏற்காதாயின், அந்த யந்திரத்தைக் கடிதம், பதிவேடு, தளங்களைப் பார்வையிடுதல் ஆகியவற்றிற்கு வைத்துக்கொண்டு, கையொப்பத்தை வேறு கணிப்பொறியில் செய்யலாம். 32-பிட் செயலியுள்ள மிகப் பழைய யந்திரங்களுக்கு இவ்வழியும் குறுகி வருகிறது. பாஸ் லினக்ஸின் மூலமாகிய டெபியன், 2025 ஆகஸ்டில் வெளியான தன் 13-ஆம் பதிப்பு முதல் அவற்றில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது.

பழைய விண்டோஸையே வைத்திருக்க நேர்ந்தால்

சில இடங்களில் பழைய விண்டோஸ் இன்றியமையாததாயிருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் ‘வானவில்’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தீர்மானங்களும் பதிவேடுகளும் அதில் இருக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் அளவைக் கருவியோடு இணைந்த மென்பொருள் அதில் மட்டுமே ஓடலாம். நாமக்கல் பகுதிக் கோழிப்பண்ணையாளர் ஒருவர் பல ஆண்டுகளின் தீவனக் கணக்கையும் முட்டைக் கணக்கையும் அதில் வைத்திருக்கலாம். அவ்வாறாயின் அந்த யந்திரத்தைத் தள்ள வேண்டியதில்லை. இணையத்திலிருந்து பிரித்து வைத்தால் போதும். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, கோப்புகளை எடுத்துச் செல்லத் தனியாக ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதனை ஒவ்வொரு முறையும் புதிய கணிப்பொறியில் வைரஸ் சோதனை செய்தல் வேண்டும். வலிமையுள்ள புதிய கணிப்பொறிக்குள்ளேயே பழைய விண்டோஸை ஒரு கற்பனை யந்திரமாக அமைத்து ஓட்டும் முறையும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்றுக்கொண்டது. எனவே பழைய எழுத்துருவிலுள்ள ஆவணங்களைச் சிறிது சிறிதாக யூனிகோடுக்கு மாற்றி வருதல் நலம். மாற்றியவற்றை மூலத்தோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பழைய விண்டோஸில் புதிய மென்பொருளை ஓட்டுவதற்கென்றே ஆர்வலர்கள் சில கருவிகளைப் படைத்துள்ளனர். விண்டோஸ் 7-க்கு ‘வி.எக்ஸ்.கெக்ஸ்’ என்னும் இணைப்பு மென்பொருளும், குரோமைப் போன்று பழைய பதிப்புகளிலும் ஓடும் ‘சூப்பர்மியம்’ என்னும் உலாவியும் அத்தகையவை. இவர்களின் திறமை பாராட்டத்தக்கதே. வீட்டில் பழகுவதற்கு இவை பயன்படலாம். ஆனால் இவை பயிருக்குக் குடம் கொண்டு நீர் வார்ப்பது போன்றவை; வாய்க்காலின் உடைப்பை அடைப்பவை அல்ல. உலாவி புதிதாயினும் அதன் அடியிலுள்ள இயங்குதளம் பழையதே. ஆகவே அரசுப் பணத்திற்கும் வங்கி வேலைக்கும் இவற்றைக் கொள்ளலாகாது.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் டி.எஸ்.சி. டோக்கனைச் செருகுதல் கூடாது. டோக்கன் என்பது காசோலைப் புத்தகமும் கையெழுத்தும் ஒன்று சேர்ந்தது போன்றது. வேலை முடிந்ததும் அதனைக் கழற்றி உரியவரே பூட்டி வைத்தல் வேண்டும். அதன் இரகசிய எண்ணை எவரிடமும் ஒப்படைத்தல் ஆகாது. உரிமம் பெறாத விண்டோஸைப் பூட்டு உடைத்துப் போட்டுத் தருவதை ஏற்றல் கூடாது. பூட்டை உடைக்கும் அந்தக் கருவியிலேயே திருட்டு நிரல் ஒளிந்திருத்தல் உண்டு.

வாரம் ஒருமுறை முக்கியக் கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, எடுத்தவுடன் கம்பியைக் கழற்றி, இயன்றால் வேறொரு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். யந்திரத்தோடு இணைந்தே இருக்கும் நகலையும் பணயத் திருடர்கள் பூட்டிவிடுவார்கள். அலுவலகக் கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றுமுன் ஒன்றிய அலுவலகத்தின் அனுமதியையும் தேசியத் தகவலியல் மையத்தின் மாவட்ட அலுவலரின் ஆலோசனையையும் பெறுதல் நலம். கழிக்கப்படும் யந்திரத்தின் தகவல்களை முற்றிலும் அழித்து, உரிய நடைமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு காத்தும் பண மோசடி நேர்ந்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும்.

ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, அலுவலகத்திலுள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எதிரே மூன்று செய்திகளை எழுதி வைத்தால் போதும்: அதிலுள்ள இயங்குதளம் யாது, அதன் ஆதரவு என்று முடிகிறது, அதில் பணவேலை நடக்கிறதா என்பன. ஆதரவு முடிந்து பணவேலையும் நடக்கும் யந்திரத்தை முதலில் கவனித்தல் வேண்டும். ஏனையவை வரிசையாகக் காத்திருக்கலாம். பழைய யந்திரத்தை மதித்துப் பேணுவது சிக்கனம். பழைய பூட்டை நம்பிப் பணப்பெட்டியை வைப்பது சிக்கனமாகாது. வரி செலுத்தும் கிராம மக்களின் ஒவ்வொரு ரூபாயும் பத்திரமாயிருக்க, ஊராட்சிப் பணியாற்றும் அன்பர்கள் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டு ஆவன செய்வார்களாக.