திசைச்சொல்லும் இக்கால நாவலும்

தமிழில் எழுந்த நூலொன்றுக்குச் சாகித்திய அக்காதெமியார் ஆண்டுதோறும் பரிசளித்து வருதலை யாவரும் அறிவர். 2020ஆம் ஆண்டிற்குரிய பரிசு, திரு. இமையம் அவர்கள் இயற்றிய ‘செல்லாத பணம்’ என்னும் நாவலுக்கு உரியதென்று 2021 மார்ச்சுத் திங்களில் அறிவிக்கப்பட்டது. பரிசுச் செய்தி சின்னாள் பேசப்பட்டுப் பின் மறக்கப்படுதல் உலகியல்பு. ஆயினும், விழுப்புரம், கடலூர் வட்டாரங்களிற் பிறந்து தமிழ் பயிலும் நமக்கு இப்பரிசு ஒரு வினாவை விட்டுச் சென்றுள்ளது. நம் இல்லத்திலும் வயலிலும் வழங்கும் பேச்சு, இலக்கியத்திற்குரிய மொழியாகுமா என்பதே அது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவோம். செய்யுளுக்குரிய சொற்களைத் தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். அவற்றுள் திசைச்சொல்லாவது, செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலத்தாரும் தத்தம் கருத்துப்படி வழங்குவது. அதனைச் செய்யுளுக்கு ஆகாதென்று அவர் விலக்கினாரல்லர். ஏனைய மூன்றனோடும் ஒருங்கு வைத்தே ஓதினார். ஆகவே, வட்டாரச் சொல்லை இழிவழக்கென்று முற்றும் ஒதுக்குவார்க்குத் தொல்லிலக்கணம் துணை நில்லாது.

இனி, நம் நாட்டுப் பழம் பாட்டொன்றை நோக்குவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியிலுள்ளது பிரம்மதேசம். அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நாம், நாள்தோறும் சங்கப் பாட்டு நடந்த வழியே நடக்கின்றோம். திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனது பதி. பாட்டிற் கூறப்பெறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவனைப் பாடிய நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. அப்புலவர் அரண்மனை விருந்தொன்றனையே பாடி அமைந்தாரல்லர். பரதவர் தரும் சுட்ட மீனையும், எயினர் இல்லத்துப் புளிச்சோற்றையும், உழவர் மனையில் வெண்சோற்றோடு இடப்படும் நண்டுக் கறியையும் நாணாது பாடினார். உப்புமின்றி வெந்த கீரையைப் பிறர் காணாவாறு கதவடைத்து உண்ணும் பாணர் குடும்பத்தின் வறுமையையும் மறைத்தாரல்லர். அக்கீரை இலக்கியமாயிற்று, அதனை நாம் உரையோடு ஓதித் தேர்வும் எழுதுகின்றோம். அங்ஙனமாயின், அதே நாட்டில் இன்று கதவடைத்து உண்பாரது துன்பம் அவர்தம் வாய்மொழியிலேயே எழுதப்படுமிடத்து அதனைக் கொச்சையெனத் தள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

நிற்க. 1994இல் வெளிவந்த ‘கோவேறு கழுதைகள்’ திரு. இமையம் அவர்களின் முதல் நாவல். அதன் தலைவி ஆரோக்கியம் என்னும் முதியவள், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பினர்க்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குலத்தினள், கிறிஸ்தவள். ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்குதல் உண்டென்று காட்டியமையால் அந்நூலைப் பற்றி அக்காலத்தே வாதம் எழுந்தது. நாம் கருதவேண்டுவது அதன் மொழி. வீட்டார் அவளை விளிக்கும் விளி ஒன்று. அவள் அவர்களை விளிக்கும் விளி வேறொன்று. அவ்விரு விளிகளுக்கும் இடையேயுள்ள தொலைவே அவள் வாழ்வின் வரலாறு. உரையாடலைத் திருத்தமான செந்தமிழிற் பெயர்த்துவிட்டால், அத்தொலைவு முழுதும் மறைந்தொழியும். ஏவுவாளும் ஏவப்படுவாளும் சமநிலையினராய்ப் பேசுவதுபோல் ஒரு பொய்த்தோற்றம் உண்டாகும். ஈண்டு வட்டார வழக்கு அணியன்று, சான்று. திருமுழுக்குப் பெற்ற பின்னும் ஒருத்தி வீடுதோறும் சோறு வாங்கி உண்ணும் நிலையிலேயே நிறுத்தப்பட்டாள் என்னும் அச்சான்று, மிஷன் கல்லூரியில் பயிலும் நமக்கு எளிதிற் கடந்து போகற்பாலதன்று.

பரிசு பெற்ற ‘செல்லாத பணம்’ 2018இல் வெளிவந்தது. தலைமையாசிரியர் ஒருவரின் மகள் பொறியியல் பயின்றவள். ஆட்டோ ஓட்டுநர் ஒருவனை விரும்பி மணந்தவள். பின்னர்த் தீக்காயமுற்றுப் புதுவை ஜிப்மர் மருத்துவமனையிற் கிடத்தப்படுகின்றாள். தந்தையிடம் பணமுண்டு, அது அவள் உயிரை மீட்கச் செல்லுபடியாகவில்லை. தீப்புண் பிரிவின் புறத்தே காத்திருப்போர் பேச்சே நாவலின் பெரும்பகுதி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில், ஜிப்மர் என்னும் பெயர் கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடாத குடும்பம் அரிது. அத்தாழ்வாரத்திற் காத்திருப்பார் இலக்கண நடையிற் புலம்புவதில்லை. அவர் புலம்பும் மொழி நூலேறியது காண்பார்க்குத் தம் துயரும் எழுதப்படத் தக்கதே என்னும் ஆறுதல் பிறக்கின்றது.

இதற்குத் தடையாக இரண்டு கூறுவர். வட்டாரச் சொல் பிற நாட்டார்க்கு விளங்காது என்பது ஒன்று. விளங்காமை சங்கப் பாட்டிற்கும் உண்டு. அதற்கு உரையும் நிகண்டும் கண்டோம். அவ்வாறே திரு. கி. ராஜநாராயணன் அவர்கள் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு 1982இல் அகராதி வெளியிட்டார். நம் பகுதிக்கு, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில் செய்த நாவலாசிரியர் திரு. கண்மணி குணசேகரன் அவர்கள் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தொகுத்தளித்தார். செந்தமிழ் கெடும் என்பது மற்றொன்று. கதைமாந்தர் தம் மொழியிற் பேசுதலாற் செந்தமிழ் கெடாது. கட்டுரையும் ஆராய்ச்சியும் அதற்குரிய களமாய் நிற்கும். ஆயினும் ஒன்று வற்புறுத்தற்பாலது. வட்டாரச் சொல் வந்தமை ஒன்றானே நாவல் சிறந்ததாகாது. அச்சொல்லை நீக்கிப் பார்க்குமிடத்துப் பொருள் குறையுமாயின் அது வேண்டுவது. குறையாதாயின் வெறும் பூச்சு. இவ்வளவுகோலைக் கைக்கொண்டே இக்கால நூல்களைக் கற்றல் வேண்டும்.

ஆகலின், நண்பர்காள்! பரிசுப் பட்டியலை மனப்பாடஞ் செய்தல் இக்கால இலக்கியப் பயிற்சியாகாது. விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்வோம். ஏர், களம், உப்பளம், அடுப்பங்கரை ஆகியவற்றில் முதியோர் வழங்கும் சொற்களைப் பொருளோடு குறிப்போம். நடுநாட்டு நாவலொன்றைச் சிறுபாணாற்றுப்படைக்குச் செலுத்தும் அதே கருத்தோடு, சொல்லுஞ் சொல்லாக ஓதுவோம். அம்முதியோர் மறையின் அவர்தம் சொற்களும் உடன் மறையும். நூலில் ஏறியன மட்டுமே நிற்கும். கல்லூரி வாயிலில் நம் தாயின் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு உட்புக வேண்டுவதில்லை. திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்த இலக்கணத்தை அன்றோ உள்ளே பயில்கின்றோம்.