முதுகில் நிற்கும் துடுப்பு



மீன் படம் வரையச் சொன்னால் நாம் எல்லோரும் முதுகில் ஒரு முக்கோணம் போட்டுவிடுவோம். அது எதற்கு என்று கேட்டால் "நீந்தத்தான்" என்போம். அது பாதி விடை. மீனை முன்னே தள்ளுவது பெரும்பாலும் உடலும் வாலும். முதுகுத் துடுப்பின் வேலை வேறு. மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அது சுலபமாகப் புரியும்.

துடுப்பின் வேலை

தண்ணீரில் போகும் உடல் இரண்டு விதமாகத் தடுமாறும். ஒன்று, பக்கவாட்டில் உருளப் பார்க்கும். மற்றொன்று, மூக்கு இடமும் வலமும் திரும்பும். முதுகில் ஒரு தகடு நிமிர்ந்து நின்றால், ஒவ்வொரு அசைவிலும் அது தண்ணீரைத் தள்ளவேண்டும். தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். ஆட்டம் அடங்கிவிடும். விமானத்தின் வாலில் செங்குத்தாக நிற்கும் தகடும், அம்பின் பின்னால் கட்டும் இறகும் இதே வகைதான். மயில் மீனுக்குப் பாய்மரம் போன்ற பெரிய துடுப்பு. தேவையில்லாதபோது அதை முதுகுப் பள்ளத்தில் மடக்கி வைத்துக்கொள்ளும்!

பொருள் வேறு, வடிவம் ஒன்று

சாதாரண மீனின் துடுப்பில் முட்களும் எலும்புக் கதிர்களும் உண்டு. சுறாவுக்குக் குருத்தெலும்பும் நார்களும். டால்பின் என்கிற ஓங்கிலுக்கோ முதுகுத் துடுப்பில் எலும்பே கிடையாது, உறுதியான நார்த்திசுதான். ஓங்கில் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் இனம். அதன் முன்னோர் தரையில் நாலு காலில் நடந்தவை. கடலுக்குத் திரும்பிய பிறகுதான் துடுப்பு புதிதாக உண்டானது. உடல் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் வேலையையும் அதுவே பார்க்கிறது.

எங்கள் ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதசுவாமி கோயில் கொடுங்கையைப் பாருங்கள். மரச்சட்டம் வைத்து ஆணி அடித்த கூரை மாதிரியே இருக்கும். ஆனால் அத்தனையும் கல். அங்கே சிற்பி பார்த்துச் செய்தார். ஓங்கில் சுறாவைப் பார்த்துச் செய்யவில்லை. இரண்டுக்கும் தண்ணீர் வைத்த பரீட்சை ஒன்றே. அதனால் விடையும் ஒன்றே.

துடுப்பே இல்லாத முதுகு

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் விரிகுடாக் கரை வந்துவிடும். அங்கே கடற்பசு உண்டு. ஆவுளியா என்பார்கள். அதற்கு முதுகுத் துடுப்பே இல்லை. அது கடலடியில் மெதுவாகப் போய்க் கடற்புல் மேய்வது. மூச்சுவிட மேலே வரும்போது மூக்கும் கொஞ்சம் முதுகும்தான் தெரியும். ஓங்கிலைப்போல் துடுப்பு நிமிர்ந்து அடையாளம் காட்டாது. அதனால் படகில் வருபவர் கண்ணில் எளிதில் படாது. வலையில் சிக்கினால், மேலே வரமுடியாமல் மூச்சுமுட்டியே இறந்துபோகும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டியிருக்கிறது.

படித்ததால் என்ன பயன்?

அப்பா கரையில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். இதையெல்லாம் சொன்னபோது அவர், "கடல்ல போறவங்களுக்கு முதுகைப் பாத்தாலே என்னன்னு தெரியும்ப்பா. ஏன் அப்படி இருக்குன்னு நீ படிச்சிருக்க. அதைச் சொல்லு" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. கண்ணால் கண்ட அறிவு அவர்களிடம், காரணம் நம்மிடம். இரண்டும் சேரவேண்டும்.

நம்மில் சிலர் நாளை படகு எஞ்சின் ரிப்பேருக்கும் படகு கட்டும் பட்டறைக்கும் போகப்போகிறோம். புரொப்பல்லர் மாட்டிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுவோம்: "அண்ணே, புல்லுப் பக்கம் போனா மெதுவா விடுங்க. துடுப்பு தெரியலன்னா கீழே ஒண்ணும் இல்லன்னு நினைச்சிடாதீங்க."