வாசல் விளக்கிலிருந்து மோட்டாருக்கு கரன்ட் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் ஒரு பல்பு பாயின்ட் இருக்கிறது. சுவரை உடைக்காமல் அதிலிருந்தே ஒயர் இழுத்து, முற்றத்தில் ரோஜாக் கட்டு கட்ட ஒரு விளக்கும், தொட்டியில் அரை எச்.பி. மோட்டாரும் போடலாமா?
– ஒரு வாசகி, பேரிகை

பதில்: விளக்கு போடலாம், மோட்டார் வேண்டாம், அம்மா.

மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டு, ஹோல்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் உள்ளே இரண்டே ஒயர்கள்தான் இருக்கும்: சுவிட்ச் வழியாக வரும் பேஸ், நியூட்ரல். பச்சை நிற எர்த் ஒயர் இருக்காது. எர்த் இல்லாத மோட்டாரில் கசிவு வந்தால் அதன் இரும்பு உடம்பே ஷாக் அடிக்கும். ஈரக்கையும் ஈரத்தரையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தவிர, விளக்கு லைன் மெல்லிய ஒயர். மோட்டாரோ கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரன்ட் இழுக்கும்.

எல்.இ.டி. விளக்குக்குச் சில வாட் போதும் என்பதால் அந்த பாயின்ட் தாங்கும். ஒயர் இணைப்பை மட்டும் மழை புகாத ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். வாசல் சுவிட்சை அணைத்தால் இதுவும் அணையும்.

மோட்டாருக்கு மெயின் போர்டிலிருந்து எர்த்துடன் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைக் குழாய்க்குள் தனியாகக் கொண்டுவாருங்கள். அதற்கென ஒரு எம்.சி.பி.யும், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், வெளியே மூடியுள்ள சாக்கெட்டும் கட்டாயம். கசிவு வந்தால் ஆர்.சி.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். உரிமம் பெற்ற வயர்மேனிடமே இந்த வேலையைக் கொடுங்கள். செலவை யோசித்து ஆர்.சி.சி.பி.யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.